அக்காவின் நீலக் கன்னம்

வில்லாபுரத்தில் அக்கா வீட்டுப் பால்காய்ப்புக்கு அவள் முகத்தையே வரைந்து கொண்டுபோனேன். வெயில் பட்ட கன்னத்துக்கு ஆரஞ்சும், நிழல் விழுந்த கன்னத்துக்கு நீலமும் பூசியிருந்தேன்.

படத்தை மாட்டியதும் அத்தானின் சித்தி அக்காவிடம் கேட்டார்: “ஏத்தா, கன்னம் இம்புட்டுக் கன்னிப்போயிருக்கு! யாரு அடிச்சா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதட்டிக்கூடப் பேசாத அத்தானுக்கு முகம் சுண்டிப்போனது. “அது நிழல்” என்று முனகினேன். யாருக்கும் கேட்கவில்லை. பந்திக்கு முன்பே படத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா போனில் கூப்பிட்டாள். “சுவரு வெறிச்சுனு கெடக்குடா. படத்தக் கொண்டா.”

“நீலத்தை மாத்திட்டு வாரேன்க்கா.”

நீலத்தின்மேல் பழுப்பைப் பூசினேன். எடுத்துக்காட்ட நீலம் இல்லாததால் எதிர்க் கன்னத்தில் இருந்த வெயிலும் அணைந்துபோனது. அப்படியேதான் கொடுத்தேன். அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்து காபி குடிக்க இன்றும் கூசுகிறது.