காலடியில் விறகு

புயல் அலையைத் தடுக்கக் கிள்ளைக் கழிமுகச் சேற்றில் ஊர்கூடி நட்ட சுரபுன்னை மரங்களுக்கு இன்று என் காவல் முறை. வெட்டிய பச்சை மரத்தின் வாடை அடித்ததும் எனக்கு மீண்டும் ஏழு வயதாகிவிட்டது.

அன்று வனக்காவலரின் படகுச் சத்தம் கேட்டதும், அம்மா வெட்டிய விறகைச் சேற்றில் அமுக்கி அதன்மேல் ஏறி நின்றாள். கருவாட்டு வாசனையடித்த கையால் என் வாயைப் பொத்தினாள். "மூச்சு விடாதடி, அவுங்க போயிடுவாங்க." சேறு என்னை இடுப்புவரை இழுத்தது.

இப்போது வாடை வந்த பக்கம் புதரை விலக்கினேன். பக்கத்து வீட்டுச் செல்வி தன் மகளின் வாயைப் பொத்தியபடி சேற்றில் நின்றிருந்தாள். அவள் காலடியில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும்.

"சிலிண்டர்ல கேஸ் தீந்துபோச்சுக்கா" என்றாள் மெல்ல.

கரையிலிருந்து எங்கள் காவல் குழுத் தலைவர் கத்தினார்: "அங்க யாராச்சும் இருக்காங்களா?"

விசில் என் உதட்டில் இருந்தது. அந்தச் சிறுமியைப் போலவே நானும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.