துளசிராமுக்கு நான் போட்ட கையெழுத்து

விமானிகளுக்கு உடல்தகுதிச் சான்று கொடுக்கிற டாக்டரிடம் வருகிறவர்கள், ஒரு தும்மலைக்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டுத் தூக்கம் தொலைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், தொண்ணூறுகளில் திருநகர் கிளினிக்கில் நான் பட்ட பாடு புரியும்.

மனப்பாடம்

வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்று உண்டு. நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவருக்கு அந்த எண் தெரியாது. விளாங்குடியிலிருந்து வந்த ஒருவர் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனார். நான் பக்கத்தைப் புரட்ட மறந்தபோதும் அடுத்த எண்ணைச் சொன்னார்! புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தேன். மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது. சான்று தர முடியாது என்றதும் எழுந்துகொண்டே கேட்டார்: "முன்னாடியிருந்தே கேட்டிருக்கக் கூடாதா, டாக்டரம்மா?"

வயலில் ஒரு சாட்சி

கேப்டன் துளசிராம் நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. ஐம்பது வயதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் காலை அவர் தனியாக ஓட்டிவந்த சின்ன விமானம் நாகமலை புதுக்கோட்டைக்கு அப்பால் தரிசு நிலத்தில் விழுந்தது. அவருக்குக் கால் முறிவு. "ஆள் வானத்துலயே மயங்கிட்டாராம்" என்று ஊரெல்லாம் பேச்சு. தகுதிச் சான்றில் இருந்தது என் கையெழுத்து. விசாரணை அதிகாரி என் கோப்புகளைக் கேட்டு வாங்கினார்.

கோப்பைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அதிகாரியோடு நானும் அந்த இடத்துக்குப் போனேன். பக்கத்து வயலில் அன்று நாற்று நட்ட பேச்சியம்மாளிடம், விமானி மயங்கியிருந்தாரா என்று அதிகாரி கேட்டார். அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தார்: "மயங்குன மனுசன் எப்படிய்யா கையை வெளிய நீட்டி, ஓடு ஓடுன்னு கத்துவாரு? மூக்குல சுத்துற காத்தாடி நின்னுபோச்சு. நாங்க அம்புட்டுப் பேரும் வயலுக்குள்ள நிக்கோம். எங்க மேல விழாம அந்தப் பக்கம் திருப்பிட்டுப் போனாருய்யா!"

பெட்ரோலில் தண்ணீர் கலந்து இன்ஜின் நின்றுபோனது பிறகு தெரியவந்தது. விமானியின் உடல்நிலையில் குறையில்லை என்று அறிக்கை வந்த அன்று, அதை நான் மூன்று முறை படித்தேன்.

மறுபடியும் இ.சி.ஜி.

கால் கூடிய பிறகு, மறுபடி பறக்கச் சான்று கேட்டுத் துளசிராம் வந்தார். இ.சி.ஜி. எடுத்தேன். போன வருஷம் இல்லாத கோளாறு ஒன்று தெரிந்தது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எடுத்தேன். அதிலும் அதே கோடு. ஒரு ஊரே சந்தேகப்பட்டபோது அவருக்காக நின்ற நானே, இப்போது அவரைத் தரையிறக்க வேண்டும். பேனாவைத் திறந்துவிட்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "அன்னைக்கு எனக்காக நீங்க பொய் சொல்லல. இன்னைக்கும் சொல்ல வேணாம். எழுதுங்க, டாக்டரம்மா."

ராட்டினத்தில் ஏறினாலே தலைசுற்றுகிற நான்தான், யார் வானத்தில் ஏறலாம் என்று இத்தனை வருஷம் தீர்ப்புச் சொன்னேன் என்பதை நினைத்தால், கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது.