சம்பந்தியம்மாவின் கம்ப்யூட்டருக்கு மூன்று பூட்டு

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனாலும் நாற்பத்தாறு வருடமாக என் பூட்டுக் கடையில் என் கைக்கு மசியாத பூட்டு என்று ஒன்று வந்ததில்லை. வங்கியின் இரும்புப் பெட்டி இறுகிப்போய் மேலாளர் வேர்த்து விறுவிறுத்து நின்றபோதும் எனக்குத்தான் ஆள் அனுப்பினார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் லேசில் யாரையும் மெச்சுகிற ஆள் இல்லை. என்னைத் தவிர இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. அவர் என் சம்பந்தியம்மா, என் மகளின் மாமியார்.

சீருடை தைக்கும் பட்டறை ஒன்றில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். பிசிறு வெட்டிக்கொண்டே பார்த்துப் பார்த்துத் தையல் மெஷினுக்கு ஏறினார். அப்புறம் கட்டிங் மாஸ்டரின் தோளுக்குப் பின்னால் நின்றே பேட்டர்ன் போடக் கற்றார். பேட்டர்ன் என்றால் துணியை வெட்டுவதற்கு முன்னால் காகிதத்தில் போடும் அளவுப் படம். பட்டறை கம்ப்யூட்டருக்கு மாறியபோது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. "இனிமே உங்களுக்கு வீட்டுல ஓய்வுதான்" என்று இனிப்பாகச் சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். அவரோ மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வீட்டுக்குத் தூக்கிவந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எட்டே மாதத்தில் அதைப் படியவைத்தார். இன்றைக்கு வீட்டிலிருந்தே வரைந்து, பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய்க் கொடுக்கிறார். என்னைப் போலவே யார் தயவும் இல்லாமல் முளைத்தவர்.

அவரிடம் ஒரே ஒரு குறை, மரியாதை ஜாஸ்தி. பெண் கொடுத்த வீட்டுக்காரன் என்பதால் என்னை எதிர்த்து அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நான் உப்பில்லாத குழம்பை நன்றாக இருக்கிறது என்றால், அவரும் தலையாட்டி இன்னொரு கரண்டி ஊற்றிக்கொள்வார்.

போன மாதம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று ஒரு வாரம் மகள் வீட்டில் தங்கினேன். மகளும் மாப்பிள்ளையும் காலையில் ஆபீசுக்குப் போய்விடுவார்கள். சம்பந்தி சரக்கு லாரி ஓட்டுகிறவர், ஊரில் இல்லை. வீட்டில் நானும் சம்பந்தியம்மாவும் கம்ப்யூட்டரும்தான்.

புதன்கிழமை மத்தியானம் உள்ளறையில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் சம்பந்தியம்மா திரையைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைங்க சம்பந்தி. நீங்க கண்ணுக்கு மருந்து விட்டாச்சா?"

"மருந்து கிடக்கட்டும். என்னன்னு சொல்லுங்க."

மெல்ல மெல்லத்தான் விஷயம் வந்தது. ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் சட்டை. ஏழு அளவு, அளவுக்கு ஆறு துண்டு, மொத்தம் நாற்பத்திரண்டு பேட்டர்ன். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும். தவறினால் வேலை இன்னொருவர் கைக்குப் போய்விடும், அப்புறம் திரும்பி வராது. பழைய கம்ப்யூட்டரில் இடம் பற்றாது என்று எல்லாவற்றையும் பென்டிரைவிலேயே வைத்திருந்தார். முந்தின நாள் அதைப் பட்டறையில் ஊர்ப்பட்ட பேர் தொடும் கம்ப்யூட்டரில் செருகி எடுத்து வந்திருக்கிறார். இப்போது நாற்பத்திரண்டையும் காணோம். இருந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சின்னப் படங்கள். அழுத்தினால் கறுப்பாக ஒரு கட்டம் வந்து கண் சிமிட்டிவிட்டுப் போகிறது.

"வைரஸு" என்றேன். இந்த மட்டும் எனக்கும் தெரியும். "வீட்டுக்குள்ள திருடன் பூந்துட்டான். கதவு சரியில்லை. என்கிட்ட விடுங்க."

என் தொழிலில் பயந்த வீட்டுக்காரருக்கு நான் ஒரு பூட்டோடு நிறுத்துவதில்லை. மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. அதே கணக்கில் கம்ப்யூட்டருக்கும் மூன்று ஆன்ட்டி வைரஸ் போட முடிவு செய்தேன். ஒன்று, திரையிலேயே சிவப்பாக மின்னி 'உடனே போடு, இல்லாவிட்டால் ஆபத்து' என்று கூப்பிட்டது. ஒன்று, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிய டிஸ்க். அதைத் திறக்கும் சாவி நம்பரை அவரே பேனாவால் எழுதிக் கொடுத்தார். இன்னொன்று என் மகளின் ஆபீசில் போட்டிருப்பது, வீட்டுக்கு இலவசம். நான் சொல்லச் சொல்லச் சம்பந்தியம்மா அழுத்தினார். மூன்றாவதுக்கு அவர் விரல் கொஞ்சம் தயங்கியது உண்மை. நான் "உம்" என்றேன், அழுத்திவிட்டார்.

சாயங்காலம் மகள் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அப்பா, ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டு மூணு பூட்டா?"

"உனக்கென்ன தெரியும்? ராஜாவோட கஜானாகூட இப்படி இருக்காது."

"ராஜாவே உள்ள போக முடியாதுப்பா."

"சும்மா இரும்மா, சம்பந்தி பார்த்துத்தானே செஞ்சிருக்காங்க" என்று சம்பந்தியம்மா அவளை அடக்கினார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

வியாழக்கிழமை கம்ப்யூட்டர் விழித்து எழ அரை மணி நேரம் ஆயிற்று. எழுந்த பிறகும் அசையவில்லை. முதலாவது இரண்டாவதைத் திருடன் என்றது, இரண்டாவது மூன்றாவதைத் திருடன் என்றது. மூன்று காவல்காரரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள், திருடன் சாவகாசமாக உள்ளே இருந்தான். "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லா இருக்குங்க, கொஞ்சம் மெதுவா வேலை செய்யுது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கண்கட்டை அவிழ்த்துவிட்டு உள்ளறைக்குப் போனேன். புதுக் கண்ணால் நான் பார்த்த முதல் காட்சி இதுதான். சம்பந்தியம்மா தரையில் முழங்காலிட்டு, பழுப்புக் காகிதத்தை விரித்து, வளைவு ஸ்கேலை வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் முடித்த பேட்டர்ன்கள் ஒன்பது. விரல் நுனியெல்லாம் கரி.

"என்னம்மா இது?"

"சும்மாதாங்க. கையில போட்டுப் பார்க்கலாம்னு."

"மீதி முப்பத்திமூணையும் நாளைக்குள்ள கையில போட முடியுமா?"

தலை நிமிரவில்லை. "முடியாதுங்க" என்றார்.

ஒரு காகிதத்தின் பின்பக்கம் ஏதோ எழுதியிருந்தது. கேட்டதற்கு அதைக் கையால் மறைத்தார். பிறகு நீட்டினார். வியாழக்கிழமையே பட்டறையின் கம்ப்யூட்டர் மெக்கானிக்குக்குப் போன் செய்து வழி கேட்டு எழுதி வைத்திருக்கிறார்: ஒன்று மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை எடுத்துவிடு, முழுசாகச் சோதனை ஓட்டு, இந்த வைரஸ் நம் ஃபைல்களை அழிக்காது, ஒளித்துத்தான் வைக்கும், ஒளித்ததைக் காட்டச் சொல்.

"இது தெரிஞ்சுமா தரையில உட்கார்ந்திருக்கீங்க?"

"நீங்க போட்டதை நான் எப்படிங்க எடுக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஊரில் எத்தனை வீட்டில் மூன்று பூட்டுப் போட்டு, அதில் ஒன்று மக்கர் செய்து, குடும்பமே வாசலில் நின்றிருக்கிறது. அவர்களுக்குக் கதவைத் திறந்து விட்டவனே நான்தான்! எனக்கே அது மறந்துபோயிற்று.

"நான் போட்டது தப்பு" என்றேன். இந்த வாக்கியத்தை என் மனைவிகூடக் கேட்டதில்லை. "எதை எடுக்கணும், சொல்லுங்க."

"நீங்களே..."

"நீங்க சொல்லுங்க. உங்க கம்ப்யூட்டர்."

அவர் எழுந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். "அந்தச் சிவப்பு. கடைக்கு வர்றவளைப் பயமுறுத்தி விக்கறவன்கிட்ட நான் ஊசிகூட வாங்க மாட்டேன்" என்றார். குரல் மாறியிருந்தது. போயிற்று சிவப்பு.

டிஸ்கைப் பற்றி நான்தான் சொன்னேன். அந்த நம்பர் வேறு யாருடையதோ. கள்ளச்சாவி செய்துதரச் சொல்லி என் கடைக்கு வந்தவனை எத்தனை தடவை துரத்தியிருக்கிறேன்! அப்படிப்பட்டவன் கள்ளச்சாவியில் ஓடும் பூட்டை மருமகன் வீட்டில் மாட்டியிருக்கிறேன். அதுவும் போயிற்று. மூன்றாவது சத்தம் போடவில்லை, காசு கேட்கவில்லை, தினமும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. "இது பேசாம வேலை பார்க்குது, இருக்கட்டும்" என்றார்.

ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டதும் கம்ப்யூட்டருக்கு மூச்சு வந்தது. பென்டிரைவையும் சேர்த்து முழுச் சோதனைக்கு மூன்று மணி நேரம். ஆறு திருடர்கள் பிடிபட்டார்கள். பிறகு சீட்டில் எழுதியபடி அவர் ஒளித்ததைக் காட்டச் சொன்னார். கழுத்துப் பட்டி, கை, பாக்கெட் என்று ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. அவர் விரல் வைத்து எண்ணினார், நானும் கூடவே எண்ணினேன். நாற்பத்திரண்டு.

அன்றைக்கே இன்னொரு பென்டிரைவ் வாங்கி எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்தார். அது வீட்டை விட்டு வெளியே போகாது. வெளியே போய்வருகிற பென்டிரைவைச் சோதனை ஓட்டாமல் திறப்பதில்லை என்றும் முடிவாயிற்று.

சனிக்கிழமை பதினொரு மணிக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். டாக்டர்கள் கோட்டுக்கும் சேர்த்து வேலை வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்கள் போடப்போகும் சட்டையில் என் பங்கும் கொஞ்சம் உண்டு என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்லி வருகிறேன். மகள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அந்த ஒற்றைக் காவல்காரன் ஒழுங்காக இருக்கிறானா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா அளவு நோட்டோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"சம்பந்தி, எழுந்திருங்க. எனக்கு வேலை இருக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் தள்ளி. வெளிச்சம் மறைக்குது."

தள்ளி உட்கார்ந்தேன். அவர் வரைய ஆரம்பித்தார்.