தணிகாசலத்தின் சவர எண்ணெய்

பாட்டிலில் அடைத்து வருகிற எதையும் நான் நம்புகிறவன் இல்லை. கோரிமேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருபத்தெட்டு வருஷமாக முடிவெட்டும் கடை வைத்திருக்கிறேன். தோளில் பையை மாட்டிக்கொண்டு எத்தனையோ பேர் வந்து போயிருக்கிறார்கள். சவரத்துக்கு முன்னால் பூசு, தோல் வெண்ணெயாகும், முடி பஞ்சாகும் என்பார்கள். ஒருத்தன்கூட அதைத் தன் முகத்தில் பூசிக் காட்டியதில்லை. வெந்நீர், சோப்பு, தீட்டின கத்தி. இதற்கு மேல் ஒரு தாடைக்கு என்ன வேண்டும்?

அப்படிப்பட்ட என்னிடம்தான் தணிகாசலம் ஒரு பாட்டிலோடு வந்தார்.

அவர் முதலியார்பேட்டைக்காரர். பத்தொன்பது வயதில் மில்லில் சேர்ந்தார். தறி ஓட்டுகிற வேலை இல்லை, தறிக்கு எண்ணெய் போடுகிற வேலை. நீள மூக்கு வைத்த கேனைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், எங்கே கிறீச்சென்று சத்தம் வருகிறதோ அங்கே இரண்டு சொட்டு விட வேண்டும். இருபத்தாறு வருஷம் இதுதான். அத்தனை தறி போடுகிற கூச்சலுக்குள் ஒரே ஒரு தறி காய்ந்து ஓடினாலும் அவர் காதுக்குத் தெரியும் என்று கூட வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் அதையும் நம்பவில்லை.

மில் நின்ற பிறகு தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனி கேட்டில் காவல் வேலைக்குப் போனார். சேர்ந்த வாரத்திலேயே கேட்டுக்கு எண்ணெய் போட்டுவிட்டார். மேனேஜர் உள்ளே வந்த சத்தமே கேட்காமல், கூடக் காவலுக்கு இருந்தவன் தூக்கத்தில் மாட்டிக்கொண்டான். அவன் இன்றுவரை இவரோடு பேசுவதில்லை.

என் கடைக்கு முதல் தடவை வந்தபோது நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் கதவை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். அடுத்த தடவை சட்டைப் பையிலிருந்து சின்னக் கேன் ஒன்றை எடுத்து, கதவுக் கீல், நாற்காலித் திருகு, ஃபேன் எல்லாவற்றுக்கும் கேட்காமலே எண்ணெய் விட்டார். இதற்குப் பதிலாக என்ன கேட்கப் போகிறார் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் கூடித்தான் போனது.

என் கடையில் எல்லோருக்கும் பிளேடு மாற்றுகிற கத்திதான். ஐந்து வாடிக்கைக்காரர்கள் மட்டும் பழைய மாதிரி முழுக் கத்திதான் வேண்டும் என்பவர்கள். ஆளுக்கு ஒரு கத்தி வாங்கி, துணிப் பையில் பேர் எழுதி, என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் கத்தி இன்னொருத்தர் முகத்தில் படாது. அந்த ஐவரில் தணிகாசலமும் ஒருத்தர். அவர் தாடி தேங்காய் நார். புதனும் ஞாயிறும் வருவார்.

போன கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, பாதிச் சவரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"தம்பி, சத்தம் கேக்குதா?"

"பஸ்ஸாண்ணே?"

"கத்தி. காய்ஞ்சி ஓடுது."

"இது இன்னா தறியா? தாடைண்ணே."

"இரும்பு எங்க ஓடுனாலும் எண்ணெ வேணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாட்டில் வந்தது. சவரம் முடிந்து எழுந்ததும் அதை மேஜையில் வைத்துவிட்டு, நின்றபடியே சொன்னார்:

"தையில எனக்கு அறுபது முடியுது. அதுக்கு மேல கேட்டுல நிக்க வேணாம்னுட்டாங்க. இத சவரத்துக்கு முன்னாடி பூசிப் பாரு. நல்லாருந்தா அடுத்த செவ்வாக்கெழமைக்கு மறு செவ்வா, உங்க சங்கத்துல ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா முப்பது கடையிலயும் வாங்குவாங்க."

"நல்லால்லன்னா?"

"அதையும் சொல்லு. அப்பால நான் இதத் தூக்கினு எந்தக் கடைப் படியும் ஏற முடியாது."

எங்கள் பகுதி முடிதிருத்தும் தொழிலாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். செவ்வாயன்று எல்லாக் கடையும் பூட்டியிருக்கும் என்பதால் அன்றுதான் கூட்டம். என் வாய்க்கு அங்கே கொஞ்சம் மதிப்பு உண்டு. எதையும் நல்லது என்று லேசில் சொல்லாதவன் என்பதால் வந்த மதிப்பு.

"உள்ள இன்னா ஊத்தியிருக்க?"

"சொல்லிட்டா நாளைக்கு நீயே காய்ச்சிக்குவ."

அதுவரை நான் வராமலே இருக்கிறேன், வந்தால் என் முகத்துக்காக நல்லது என்று சொல்லிவிடுவாய் என்றும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூடியைத் திறந்து மோந்தேன். வெட்டிவேர் வாசனை. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாடை இருந்ததா, நானாக நினைத்தேனா தெரியவில்லை. மில் எண்ணெயும் இதே மாதிரி தெளிவாகத்தான் இருக்கும். இருபத்தாறு வருஷம் அதில் புழங்கியவர் கையில் வேறு என்ன எண்ணெய் இருக்கும்?

மற்ற நாலு பேர் முகத்திலும் சோதித்தேன். வலது கன்னத்துக்கு எண்ணெய், இடது கன்னத்துக்குக் கிடையாது. கண்டக்டர் பிரேம்குமார் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான்:

"இன்னா கலை, பாதி மூஞ்சிக்கு மட்டும் தாளிக்கிற?"

முதல் மூன்று நாளும் எண்ணெய்ப் பக்கம் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. சிவப்புத் தட்டவில்லை. எனக்குப் பிடிக்கவில்லை. எண்ணெய் தேய்க்கிறேன் என்று ஒரு நிமிஷம் கூடுதலாக அந்தக் கன்னத்தை நீவுகிறேனே, முடி அதில்தான் இளகுகிறதோ? நாலாம் நாள் இடது கன்னத்தையும் வெந்நீரில் அதே அளவு நேரம் நீவினேன். இருந்த வித்தியாசத்தில் பாதி காணாமல் போனது. அன்றைக்கு எனக்கு நல்லபடியாகச் சாப்பாடு இறங்கியது.

சனிக்கிழமையிலிருந்து கத்தி இழுக்க ஆரம்பித்தது. எண்ணெய் பூசின பக்கமும் இழுத்தது, பூசாத பக்கமும் இழுத்தது. திங்கட்கிழமை பிரேம்குமாருக்குத் தாடைக்கு அடியில் கீறிவிட்டது. நாலு கத்தியும் மொண்ணை. அவ்வளவுதான், எண்ணெய் கத்தியின் கூர்மையைத் தின்கிறது என்று முடிவு கட்டினேன். நான் நினைத்ததே சரி என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மறைப்பானேன்?

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். ஒன்பதுக்கே தணிகாசலம் பாதி இறக்கின ஷட்டருக்கு அடியில் குனிந்து வந்தார். ஒன்பது நாள் தாடி.

"கத்திய கெடுத்துடுச்சிண்ணே உன் எண்ணெ. நான் மேடையில பொய் சொல்ல மாட்டேன்."

அவர் கெஞ்சவில்லை. "என் கத்திய எடு" என்றார். "ஒரு தரம் தீட்டு."

அவர் கத்தி ஒன்பது நாளாகப் பையை விட்டு வெளியே வரவில்லை. எடுத்து, சுவரில் தொங்குகிற தோல் வாரில் இரண்டு இழுப்பு இழுத்தேன்.

"நிறுத்து. வார்ச் சத்தம் செத்துப்போச்சி."

"வாருக்கு ஏதுண்ணே உயிரு?"

"டப்பு டப்புனு கேக்கும். இப்ப ஊமையா போவுது." வாரின் நுனியைப் பிடித்து மோந்து பார்த்துவிட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினார். வெட்டிவேர்.

எனக்குச் சுருக்கென்றது. சவரம் முடிந்ததும் கத்தியைக் காகிதத்தில் ஒரு துடைப்பு, வாரில் இரண்டு இழுப்பு, அப்புறம் பை. இது என் கை தானாகச் செய்கிற வேலை. சோப்புத் தண்ணீர் காகிதத்தில் போய்விடும், எண்ணெய் போகாது. ஒன்பது நாளாக நாலு கத்தியிலிருந்தும் தோலுக்கு எண்ணெய் ஊட்டியிருக்கிறேன். எண்ணெய் குடித்த தோல் எந்தக் கத்தியைத் தீட்டும்?

ஆனாலும் விடவில்லை. "வாரு மேல பழியப் போட்டுத் தப்பிக்கிறியாண்ணே?"

"வேற வாரு இருக்குதா?"

பிரிக்காத புது வார் ஒன்று பரணில் இருந்தது. எடுத்து மாட்டி அவர் கத்தியைத் துடைத்துத் தீட்டினேன். டப்பு டப்பென்றுதான் கேட்டது. இனி ஒரு முகம் வேண்டும். அங்கேதான் இடித்தது. செவ்வாயன்று நான் யார் முகத்திலும் கத்தி வைப்பதில்லை. எங்கள் ஆட்களில் யாருமே வைப்பதில்லை.

"நீ வைக்காத. நானே வச்சிக்கிறேன்."

"உனக்கும் இன்னிக்கு செவ்வாதாண்ணே."

"எனக்கு தையில அறுபது."

வலது கன்னத்துக்கு எண்ணெய் பூசினார். இரண்டு பக்கமும் நுரை போட்டார். ஜென்மத்தில் சவரக்கத்தி பிடிக்காத மனுஷன். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "சாச்சிப் புடி. அமுக்காத. தோல இழுத்துக்க" என்று வாயால் மட்டும் சவரம் செய்தேன். எனக்குத்தான் வேர்த்தது. வலது பக்கம் மெதுவாக வந்தது, ஆனால் சுத்தமாக வந்தது. இடது பக்கம் பாதி தூரம் போனதும் ரத்தம்.

படிகாரக் கல்லை அழுத்திக்கொண்டே கேட்டேன்: "இந்தப் பக்கம் வேணும்னே அமுக்கினியா?"

கன்னத்தில் ரத்தத்தோடு திரும்பினார். "பொறந்ததுலேருந்து நீ யாரையாவது நம்பியிருக்கியா தம்பி?"

படிகாரக் கல்லைக் கீழே வைத்தேன். "உள்ள இன்னா இருக்குது, அத சொல்லு" என்றேன்.

போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, சத்தமாக வைத்து மேஜையில் போட்டார். அவர் மனைவி பாக்கியலட்சுமி எடுத்ததும், எண்ணெயில் என்ன சேர்மானம் என்று நானே கேட்டேன்.

"ஆமணக்கெண்ணெ, நல்லெண்ணெ, வெட்டிவேரு. ஏண்ணே?"

"மில் எண்ணெ கலக்கலியே?"

"மில்லு எண்ணெயா? மில்லு நின்னு எத்தினி வருஷமாவுது! நான் தெனம் தலையில தேச்சினு இருக்கறேன். முடி கொட்டியிருந்தா உங்க நாற்காலியிலதான் வந்து குந்தியிருப்பேன்."

போனை வைத்துவிட்டு, "இப்ப ரகசியமும் போச்சி" என்றார் தணிகாசலம்.

கூட்டத்தில் அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் வழவழ, ஒரு கன்னம் பாதி, மோவாயில் தாடி அப்படியே. எனக்கு இரண்டு வழி இருந்தது. பிடிக்கவில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அல்லது முழுசையும் சொல்லலாம். முழுசையும் சொன்னால், செயலாளர் தன் வாரையும் நாலு பேர் கத்தியையும் தானே பாழாக்கினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

சொன்னேன். தலைவர் அம்மாவாசை தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"செயலாளர் வாருக்கே எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டி வுட்டாருய்யா!"

சிரிப்பு அடங்க நேரமானது. "செரி, வாங்கலாமா வேணாமா?" என்றார் அவரே.

"நாரு தாடிக்கும் காய்ஞ்ச தோலுக்கும் வாங்கு. மத்தவனுக்கு வேணாம். பாதி வேலைய வெந்நியே பாத்துடும். அத ஒழுங்கா வைக்காதவன் எத வாங்கினாலும் தண்டம். இதப் பூசினா, துணியில நல்லாத் தொடைக்காம கத்திய வாருகிட்ட கொண்டு போவாத."

ஏழு பேர் கை தூக்கினார்கள். முப்பதில் ஏழு. வெளியே வந்தபோது என்னால் தணிகாசலத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏழா?" என்றார்.

"ஏழுண்ணே."

"மில்லுல சேந்த அன்னிக்கும் எனக்கு ஏழு தறிதான் குடுத்தாங்க" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். அது சத்தமே இல்லாமல் போனது.

புதன்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். துணியைப் போர்த்திவிட்டு, அவர் கொண்டு வந்த புது பாட்டிலின் மூடியைத் திறந்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னுமா மோந்து பாக்குற?"

"பாக்கத்தான் செய்வேன். தாடையத் தூக்குண்ணே."