பத்து எண்ணும்வரை உடையாத குமிழி

சாந்தகுமாரிக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருந்தது. சோப்புக் குமிழியை எவ்வளவு பெரிதாக விடலாம், எவ்வளவு நேரம் நிற்கவைக்கலாம் என்ற கிறுக்கு.

கிட்வாய் நகரில் சியாமளா மேடத்தின் ஆறு வயது மகள் ஷ்ருதியைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் வேலை. தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, தலைநகரின் ஓரத்தில் இருக்கும் நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஷ்ருதி பேசமாட்டாள், யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். இரண்டு வருஷமாகச் சோறூட்டித் தலைவாரி விடுகிறவளை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்ததில்லை. சாந்தகுமாரிக்கு அது மனசை அரித்தது. கடையில் வாங்கிய சோப்புத் தண்ணீரில் குமிழி ஊதினால் மட்டும் அந்தக் கண்கள் அதன் பின்னாலேயே போயின. என்ன பிரயோசனம்! இரண்டு எண்ணுவதற்குள் அது உடையும், கண்ணும் தரைக்கு இறங்கிவிடும்.

பத்து எண்ணும்வரை நிற்கிற மாதிரி ஒன்று செய்தால் என்ன?

இரண்டு குச்சிகளுக்கு நடுவே நூல் வளையம் கட்டினாள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் வெந்தயம் ஊறிய கொழகொழப்பைக் கலந்தாள். மூன்று எண்ணும்வரை நின்றது. அடுத்து ஜவ்வரிசிக் கஞ்சியைக் கலந்தாள்; குமிழியே வராமல் சொத்தென்று தரையில் விழுந்தது.

மேடம் செல்போனில் தேடிப் பார்த்து, "குவார் கம்னு ஒரு பிசின் போடணுமாம் சாந்தா. குவார்னா நம்ம கொத்தவரங்காய்தான்" என்றார்.

அவ்வளவுதான். ஒரு கிலோ கொத்தவரங்காய் வாங்கி வேகவைத்துப் பிழிந்தாள் மகராசி. பச்சைத் தண்ணீர்தான் வந்தது. வெந்த காயைக் கொட்ட மனசு வராமல் மூன்று நாள் வீட்டில் அதே பொரியல்.

"ஏண்டி, குமிழி விடுறியா, என் வயித்தக் கெடுக்கிறியா?" என்றார் புருஷன் அந்தோணி.

"பேசாம தின்னுய்யா. எங்க தப்பாச்சுன்னு நானே மண்டையப் பிச்சுக்கிட்டிருக்கேன்."

காய்கறி வண்டிக்காரர் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அரே தீதி! காயில இல்ல, முத்துன விதையில இருக்கு" என்று இந்தியில் சொல்லி, கேக் சாமான் விற்கும் கடையில் பொடியாகவே கிடைக்கும் என்றார்.

பொடியைத் தண்ணீரில் கொட்டினாள். கட்டி தட்டியது. கேழ்வரகு மாவுபோலக் கரைத்துப் பார்த்தாள், அப்போதும் கட்டி. முதலில் கிளிசரினில் குழைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் விட்டபோதுதான் வழவழவென்று வந்தது. வீட்டுக்குள் ஏழு எண்ணும்வரை நின்றது! ஆனால் வெளியே ஜூன் மாத அனல்காற்றில் குமிழி வளையத்தை விட்டதுமே வெடித்தது. ஈரக்காற்று வேண்டும் என்று அதையும் தானே கண்டுபிடித்தாள். எந்தக் காலேஜில் படித்தாளாம்!

ஜூலையில், மழை விட்ட ஒரு காலை. காலனிப் பூங்காவில் வளையத்தை முக்கி எடுத்து மெல்லப் பின்னால் நடந்தாள். ஆளுயரத்துக்கு ஒரு குமிழி ஆடி அசைந்து கிளம்பியது. ஷ்ருதியின் கண்கள் கூடவே போயின.

ஒண்ணு, ரெண்டு... ஆறு, ஏழு...

காற்று திரும்பியது. குமிழி சாந்தகுமாரியை நோக்கியே வந்தது. "ஐயோ மாதாவே, உடைஞ்சிறக் கூடாதே!" ஒன்பதில் அவள் மூக்கில் மோதி உடைந்தது.

முகமெல்லாம் சோப்பு. துடைக்கக் கை தூக்கியவள் அப்படியே நின்றாள். ஷ்ருதியின் கண்கள் தரைக்கு இறங்கவில்லை. குமிழி உடைந்த இடத்திலேயே, அவள் முகத்திலேயே இருந்தன.

சாந்தகுமாரிக்குக் கண் எரிந்தது. அவள் இமைக்கவில்லை.