வெட்டி எறிந்த ஓரம்

எங்கள் வீட்டுக் கடைக்குட்டிக்கு ஆஸ்பத்திரியில் ‘பை சிஸ்டர்’ என்று பெயர். மலம் போக வழியில்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு, வயிற்றில் துளையிட்டுக் குடலின் நுனியை வெளியே எடுத்து வைப்பார்கள். அந்தச் சிவந்த வாயைச் சுற்றிப் பை ஒட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் மூக்கைப் பொத்தியவள் இல்லை.

பையைத் தோலில் ஒட்டவைக்கும் தகட்டில் ஓட்டை சின்னதானால் குடலை அறுக்கும். பெரிதானால் மலம் பட்டுத் தோல் வெந்துபோகும். அதனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தாளில் அளவு வெட்டி, கையெழுத்துப் போட்டு வைப்பாள். வீக்கம் வடிய வடிய வாய் சுருங்கும் என்பதால், ‘வாரம் ஒருமுறை திரும்ப அளக்கவும்’ என்று ஓரத்தில் எழுதியும் வைப்பாள்.

மூட்டுவலிக்காக அவள் ஒரு மாதம் லீவில் இருந்தபோது, புதிய நர்ஸ் ஒருத்தி, ஒரு குழந்தையின் தாள் கோப்பு உறைக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டாள். நாலு வாரமும் பழைய அளவிலேயே தகடு வெட்டினாள். அந்த இரண்டு மாதப் பெண்குழந்தையின் வயிறு தோலுரிந்து ரத்தம் கசிந்தது.

லீவு முடிந்து வந்தவளிடம் தலைமை நர்ஸ் தாளை நீட்டினாள்.

“கையெழுத்து யாரோடது சிஸ்டர்?”

“என்னோடதுதான் மேடம். ஓரத்துல எழுதியிருந்தேனே.”

“ஓரமே இல்லையே.”

புதியவள் தரையைப் பார்த்தாள். அவள் பெரிய டாக்டரின் அக்கா மகள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். திங்கட்கிழமையிலிருந்து பை சிஸ்டருக்குச் சான்றிதழ்களில் சீல் குத்தும் பிரிவு என்று முடிவானது. இனி சீல் சிஸ்டர் என்று கூப்பிடலாமா என்று ஆயாம்மா ஒருத்தி கேலி செய்தாள்.

போவதற்குள் அந்தத் தோலை ஆற்றிவிடுகிறேன் என்று மட்டும் கேட்டாள். மேடம் சரி என்றாள். குழந்தையின் அம்மா சம்மதிக்கவில்லை.

“இவங்க அளந்துதானே இப்படி ஆச்சு? இவங்க கை படக்கூடாது.”

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் புதியவளையும் அந்தத் தாய் தொட விடமாட்டாள். பிறகு பை ஒட்ட வார்டில் ஆளில்லை. விழுங்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“பழைய தாளைத் தூக்கிப் போடு. இப்ப அளந்து பாரு.”

“பதினெட்டு மில்லிமீட்டர், சிஸ்டர்.” புதியவள் அளந்து சொன்னாள்.

“இருபதா வெட்டு. தோலைத் தேய்க்காதே, ஒத்தி எடு. புண்ணுல மருந்துப் பொடி போட்டு, மிச்சப் பொடியத் தட்டிட்டு ஒட்டு.”

நாலு நாளும் வாசலில் நின்றே சொல்லிக்கொடுத்தாள். ஐந்தாம் நாள் புண் காய்ந்து புதுத்தோல் மூடியிருந்தது. தாய் புதியவளின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசலில் நின்றவளைக் கடந்தபோது குழந்தையின் வயிற்றைத் துண்டால் மூடிக்கொண்டாள்.