சாயப்பந்து

முதலிபாளையத்துச் சாயப்பட்டறையில் வேலை பார்த்த அங்கமுத்துவுக்கு ஞாயிறு என்றால் சாயப்பந்துதான். பட்டறைக் கூட்டாளிகள் பனியன் துணிக் கழிவைப் பந்தாக உருட்டிச் சாயத்தில் முக்கி ஒருவர்மேல் ஒருவர் எறிவார்கள். மேலே பட்டவன் அவுட். அந்த ஆட்டத்தைப் பற்றி விளையாட்டுப் பத்திரிகைக்கு எழுதி எழுதியே கை ஓய்ந்தான். 'இப்படி ஓர் ஆட்டமே கிடையாது' என்று திருப்பி அனுப்பினார்கள். விடுவானா? கெஞ்சிக் கூத்தாடி, தொண்ணூற்று மூன்றில் ஒரு போட்டோக்காரரை வரவழைத்தான்.

அன்றைக்குப் பார்த்துத்தானா ஷிப்மென்ட் அவசரம் வர வேண்டும்? கூட்டாளிகள் அத்தனை பேரையும் முதலாளி வேலைக்கு இழுத்துக்கொண்டார். வேலை போனால் போகட்டும் என்று அங்கமுத்து மட்டும் மைதானத்தில் நின்றான்.

போட்டோக்காரர் சுற்றிலும் பார்த்துவிட்டு, கேமராவைப் பையில் வைத்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் இருங்க!"

அங்கமுத்து சிவப்புப் பந்தை எடுத்துத் தன் நெஞ்சிலேயே ஓங்கி அடித்துக்கொண்டான். சாயம் வேட்டி வரை வழிந்தது.

"நான் அவுட்டுங்க. இதையாச்சும் படம் புடிங்க."